பெட்டி மாறிய சீட்டு

ராஜபாளையத்தில் எங்கள் சபையார் யாரும் சர்ச் என்று சொல்வதில்லை. எங்களுக்கு அது கோயில்தான். அந்தக் கோயில் வாசலில், உள்ளே நுழையும்போது இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு மரப்பெட்டிகள் சுவரில் மாட்டியிருக்கும். இடப்பக்கத்தது விண்ணப்பப் பெட்டி, வலப்பக்கத்தது ஸ்தோத்திரப் பெட்டி. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றாலோ, பிள்ளைக்குப் பரீட்சை என்றாலோ, மகளுக்கு வரன் அமையவில்லை என்றாலோ ஒரு சீட்டில் எழுதி விண்ணப்பப் பெட்டியில் போடுவோம். காரியம் நல்லபடியாக முடிந்தபின் நன்றிக்காக இன்னொரு சீட்டை எழுதி ஸ்தோத்திரப் பெட்டியில் போடுவோம். ஞாயிறு ஆராதனையின் நடுவில் போதகர் இரண்டு பெட்டிச் சீட்டுகளையும் தனித்தனியாக வாசிப்பார். சபை ஆமென் சொல்லும்.

முன்பெல்லாம் ஜனங்கள் அந்தச் சீட்டில் கதையே எழுதுவார்கள். ஒரு அக்கா தன் பசுமாடு சினை பிடிக்காததை மூன்று பக்கத்துக்கு எழுதி, நடுவில் மாட்டு டாக்டரைத் திட்டியும் வைத்திருந்தார். போதகர் அதையும் முகம் மாறாமல் வாசித்தார். அன்றைக்கு ஆராதனை முடிய மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. மறு வாரமே அவர் ஒரு சட்டம் போட்டார். யாருக்காக, எதற்காக என்பதை மட்டும் எழுதுங்கள். வேண்டுதலா நன்றியா என்பதைப் பெட்டியே சொல்லிவிடும் என்றார். அதைக் கேட்டுக் கைதட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டவள் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீசில் இருபது வருஷமாக டைப்பிஸ்டாக இருக்கிறேன். அடுத்தவர் வளவளவென்று சொன்னதைச் சுருக்கிச் சுருக்கியே என் விரல் தேய்ந்திருக்கிறது. அந்தச் சட்டம் ஒருநாள் என்னையே மாட்டிவிடும் என்று அப்போது தெரியாது.

என் வீட்டுக்காரர் நூல் மில்லில் பிட்டர். முப்பது வருஷமாக மிஷின்களோடு மல்லுக்கட்டுகிறவர். அந்த இரைச்சலில் பேசிப் பழகி வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். அவர் உப்பு கேட்டால் பக்கத்துத் தெருவில் உப்பை எடுப்பார்கள். அதே குரல் கோயிலில் பாடற்குழுவோடு நிற்கும்போது கீழே இறங்கி, நாங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு அதிரும்படி வரும். நான் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அந்தக் குரலைக் கேட்டுத்தான். முகத்தை அப்புறம்தான் சரியாகப் பார்த்தேன். இதைச் சொன்னால், "ஏன், மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?" என்பார்.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. பஞ்சுத் தூசி என்றார். சுக்குத் தண்ணீர் குடித்தார், பனங்கற்கண்டை வாயில் அடக்கினார். குரல் வரவர மோசமானதே தவிர தேறவில்லை. கடைசியில் ஒருநாள் நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் வருகிற இடத்தில் சின்னதாகக் கட்டி மாதிரி இருக்கிறது, கொஞ்சம் சதை எடுத்து மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பலாம், பத்து நாளில் முடிவு வரும் என்றார். புற்றுநோய் என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கேட்காமலே எங்களுக்குத் தெரிந்த சொல்தான் அது. என் வீட்டுக்காரரின் அண்ணனும் மில்லில் வேலை பார்த்தவர். அவருக்குத் தொண்டையில் அந்த நோய் வந்து, முற்றிய பிறகு ஆபரேஷன் செய்தார்கள். கழுத்தில் துளையோடு, பேச்சில்லாமல், எட்டு மாதம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். அந்த எட்டு மாதமும் அண்ணனைக் குளிப்பாட்டியது என் வீட்டுக்காரர்தான்.

சதை எடுத்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். கோயிலுக்கு மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார். எல்லாரும் குரலுக்கு என்ன என்று கேட்பார்கள், பதில் சொல்ல முடியாது என்றார். ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகனிடமும் சொல்ல வேண்டாம் என்றார்.

நானோ ஜெபம் செய்தேன். ஜெபம் என்று பெயர்தான். தினமும் மனு டைப் அடிக்கிறவளின் ஜெபம் மனு மாதிரிதான் இருக்கும். மனுதாரராகிய நான் இன்ன நியாயங்களால் இன்னதைக் கேட்கிறேன் என்று வரிசையாக அடுக்குவேன். கர்த்தர் வாய்தா மேல் வாய்தா போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. உனக்காக ஞாயிறு தவறாமல் பாடின தொண்டையில்தானா கை வைக்க வேண்டும் என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுத்துச் சண்டை போடுவேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் போனில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பத்து நாள் கழிந்தது. ரிப்போர்ட்டை அவரே மில்லுக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை கேட்டேன், "இன்னும் வரலையாம்" என்றார். வெள்ளியும் வரலை. சனியும் வரலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கோயிலுக்குக் கிளம்பும்போது, நீங்களும் வாங்க என்று கூப்பிட்டேன். வரலை என்று தலையை ஆட்டினார். வாசலில் நின்று நாலு வார்த்தை கத்திவிட்டு, ஒரு சீட்டில் அவர் பெயரை எழுதி, 'தொண்டைப் பரிசோதனை முடிவு' என்று எழுதினேன். என் சுருக்கமான எழுத்துக்கு அதற்குமேல் ஒரு சொல் தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் அறுப்பின் பண்டிகை. அதற்காகக் கோயிலுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. நான் யாரையும் பார்க்காமல், எதையும் பார்க்காமல், இருபது வருஷமாகக் கை போகிற பழக்கத்தில் இடப்பக்கப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

முதலில் விண்ணப்பங்களை வாசித்தார் போதகர். என் சீட்டு வரவில்லை. தொலைத்துவிட்டார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு ஸ்தோத்திரச் சீட்டுகள். ஒரு வீட்டுக்கு நிலை வைத்தது, ஒரு பேரக்குழந்தை பிறந்தது, அடுத்து என் வீட்டுக்காரர் பெயர். 'தொண்டைப் பரிசோதனை முடிவு' என்று வாசித்து நிறுத்தினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல முடிவைத் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று தாமாகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அத்தனை பேரும் ஆமென் என்றார்கள்.

எழுந்து நின்று இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எதற்கும் வாய் மூடாதவள் என்று சபையில் எனக்குப் பெயர். அன்றைக்கு என் வாய் திறக்கவில்லை. அதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது. திரும்பினால் அந்தப் பசுமாட்டு அக்கா. கண்ணெல்லாம் தண்ணீர். "நான் தெனமும் அவியளுக்காக முட்டிபோட்டேன் தெரியுமா" என்றார். எங்கள் வீட்டு விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆராதனை முடிந்ததும் போதகரைத் தேடி ஓடினேன். அவர் அடுத்த ஆராதனைக்காக வன்னியம்பட்டிக்குப் பைக்கில் கிளம்பிப் போய்விட்டிருந்தார். போன் போட்டேன், எடுக்கவில்லை. வாசலுக்கு வந்து பெட்டிகளைப் பார்த்தேன். இடப்பக்கம் இருந்தது ஸ்தோத்திரப் பெட்டி. கோயில் வேலை பார்க்கும் பெரியவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் கத்தினேன்.

"வெள்ளையடிக்கக் கழட்டுனோம்மா. வெள்ளையடிச்சவரு திரும்ப மாட்டுறப்ப எடம் மாறிருச்சு போல" என்றார். பிறகு அமைதியாக, "பேரு எழுதியிருக்குல்ல, படிச்சுட்டுத்தான போடணும்?" என்றார்.

எழுத்தைப் படிப்பதுதான் என் பிழைப்பு.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. சபை வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்களாக வந்து குவிந்திருந்தன. பாடற்குழுத் தலைவர் என் வீட்டுக்காரருக்கு நேரடியாகவே போன் செய்து பேசிவிட்டார். நான் உள்ளே நுழைந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை. "பசிக்கி" என்றார், அந்தக் கம்மின குரலில். தட்டை வைத்தேன். கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, இரண்டாவது தடவையும் சோறு வாங்கினார். பிறகு செத்த நேரம் படுக்கிறேன் என்று போனவர் சாயங்காலம் வரை அசையாமல் தூங்கினார். இரண்டு வாரத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் குறட்டையைக் கேட்டேன். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நல்ல செய்தி என்று நம்பித் தூங்குகிற மனிதரை எழுப்பி, அது பொய் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

திங்கட்கிழமை எதிர் வீட்டம்மா வந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அண்ணியைக் கூப்பிடும் முறையில் என்னை வதினா என்றுதான் அழைப்பார். கையில் ஒரு தூக்குவாளி நிறையப் பாயசம். "அண்ணனுக்குச் சரியாயிருச்சாமே வதினா. மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுறதா நேந்திருந்தேன், காலைல போய்ப் போட்டுட்டு வந்துட்டேன்" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். "இது சாமிக்குப் படைச்சது இல்ல வதினா. ஒங்களுக்குன்னு தனியா வச்சேன், தைரியமாச் சாப்பிடலாம்" என்றார். என் தவறு எங்கள் கோயிலைத் தாண்டி அவர்கள் கோயில் வரைக்கும் போய்விட்டிருந்தது. பாயசத்தை வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்குத் தாங்க முடியவில்லை. மறைத்து வைக்க எனக்குப் பழக்கமில்லை. அவர் தரையில் உட்கார்ந்து எதிர் வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"நீ கோவப்படாமச் சொல்லு. நான் கோவப்படாமக் கேக்கேன்."

"ஞாயித்துக்கெழம கோயில்ல வாசிச்சது தப்புங்க. ரிசல்ட்டு என்னன்னு எனக்குத் தெரியாது. விண்ணப்பப் பெட்டின்னு நெனச்சு மாத்திப் போட்டுட்டேன். வெள்ளையடிச்சப்ப பெட்டிய எடம் மாத்தி மாட்டியிருக்காங்க. நான் பாக்கல."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "அப்ப நீ வேணும்னு போடலையா?"

"வேணும்னு எப்படிப் போடுவேன்? ரிசல்ட்டே வரலையே."

அவர் பக்கத்தில் கிடந்த டூல் பெட்டியை இழுத்தார். மேல் தட்டைத் தூக்கிவிட்டு, அடியிலிருந்து வேஸ்ட் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். "வியாழக்கெழமையே வந்துருச்சு" என்றார்.

இருபது வருஷமாக இங்கிலீஷ் காகிதம் டைப் அடிக்கிறவளுக்கு அதன் கடைசி வரி புரியாமல் இல்லை. இரண்டு தடவை படித்தேன். அந்த நோய்தான்.

"எதுக்குங்க மறைச்சீங்க?"

"அண்ணனப் பாத்தேம்ல. கழுத்துல ஓட்டையப் போட்டா பொறவு எங்க பாட? வைத்தியமே வேண்டாம், கிறிஸ்மஸ் வரைக்கும் இருக்கிற கொரல்ல பாடிட்டு, ஆவுறது ஆவட்டும்னு முடிவு பண்ணிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அந்தக் கவராலேயே அவர் தோளில் அடித்தேன். என்னை நினைத்துப் பார்த்தீர்களா, பையனை நினைத்துப் பார்த்தீர்களா என்று கத்தினேன். கத்தியது எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் அடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓய்ந்த பிறகு பேசினார். குரல் கம்மியிருந்ததால் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"ஒம் பொண்டாட்டி ஸ்தோத்திரம் போட்டிருக்கான்னு போன்ல சொல்லவும் எனக்கு ஒண்ணும் ஓடல. ரிப்போர்ட்டு என் பெட்டிக்குள்ள இருக்கு. அப்ப முடிவு தெரியாமலே நீ முன்கூட்டி நன்றி சொல்லிட்டன்னு நெனச்சேன். எதுக்கெடுத்தாலும் ஆண்டவரோட சண்டைக்கு நிக்கிறவ, இம்புட்டு நம்புறா. நான் ஆம்பள, துணியச் சுத்தி ஒளிச்சு வச்சிருக்கேன்னு வெக்கமாப் போச்சு. வைத்தியத்துக்குப் போவோம்னு அந்த நிமிசமே முடிவு பண்ணிட்டேன். அதான் சோறு எறங்குச்சு."

"பொறவு ஏன் ரெண்டு நாளாச் சொல்லல?"

"நீ அம்புட்டு நம்பிக்கையா இருக்க. அந்த முகத்துக்கு நேர இதை எப்படி நீட்ட? நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம்னு இருந்தேன்."

எனக்குக் கூசிப்போனது. அவர் இரண்டு நாளாகச் சாய்ந்திருந்தது என்னிடம் இல்லாத ஒரு விசுவாசத்தின் மேல். நான் உண்மையைச் சொல்லி அதையும் பிடுங்கிவிட்டேன். "நான் அம்புட்டு விசுவாசக்காரி இல்லங்க. பேரப் படிக்காமப் போட்ட கழுத" என்றேன். அவர் மிக்ஸியின் திருகாணி ஒன்றை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். மறுபடியும் பழைய முடிவுக்கே போய்விடுவாரோ என்று பயந்தேன். "இப்ப மதுரைக்கு வருவீங்களா, மாட்டீங்களா? அதச் சொல்லுங்க" என்றேன்.

"பெட்டிய மாத்தி மாட்டுனது யாரு?" என்றார்.

"வெள்ளையடிக்க வந்தவரு."

"நம்ம சபையா?"

"சபையா? அவரு ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. எனக்கும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம். பிறகு சொன்னார்: "நீ தெரிஞ்சு போட்டா என்ன, தெரியாமப் போட்டா என்ன? எனக்குப் பயம் போனது போனதுதான். இப்பவும் உள்ள தேடிப் பாக்கேன், திரும்பி வரல. யாரு அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியும். பண்டிகை முடிஞ்சு திங்கக்கெழம போவோம்."

அன்று இரவு இருவரும் முழங்கால்படியிட்டோம். எனக்கு அடுக்குவதற்கு நியாயம் எதுவும் இல்லை. மனு இல்லாமல் சும்மா இருந்தேன். கையில் ரிப்போர்ட் இருந்தது, அதில் இருந்த வரி மாறவில்லை. ஆனாலும் இரண்டு வாரமாக நெஞ்சில் கல்லாக இருந்தது இறங்கிவிட்டது. சமாதானம் என்று கோயிலில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அதை உடம்பில் உணர்ந்தது அன்றைக்குத்தான். எழுந்து போய் மகனுக்குப் போன் செய்தோம்.

அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகைக்கு இருவரும் சேர்ந்து போனோம். ஆராதனைக்கு முன்னாலேயே போதகரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் பதறிப் போனார். முடிவு நல்லது என்று சீட்டில் இல்லாததை நான் சேர்த்து வாசித்தேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இன்றைக்கே சபையில் திருத்திவிடுகிறேன் என்றார்.

"உள்ளதச் சொல்லிருங்க ஐயா. விண்ணப்பத்தையும் வாசிங்க" என்றார் என் வீட்டுக்காரர். "ஆனா அந்த ஸ்தோத்திரத்தத் திரும்ப வாங்க வேண்டாம். அது இருக்கட்டும்."

அப்படியே வாசித்தார் போதகர். ஆராதனை முடிந்தபின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த பூசணிக்காயையும் வாழைத்தாரையும் ஏலம் விடும் நேரத்தில்கூட ஜனங்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள். பசுமாட்டு அக்கா மட்டும், "அப்ப மறுபடியும் மொதல்ல இருந்து முட்டிபோடணுமா?" என்று அலுத்துக்கொண்டார். போடாமல் இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மதுரை டாக்டர், ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், அறுக்க வேண்டாம், கதிர்வீச்சு வைத்தியம் போதும் என்றார். கழுத்தில் ஓட்டை போட வேண்டியதில்லையே என்று இவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றார் அந்த நல்ல மனிதர். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரத்துக்கு மேல் போய்வர வேண்டும். முதல் வாரம் நான் கூடவே போனேன். பிறகு மகன் வந்து கொஞ்ச நாள் கூட்டிப்போனான். அப்புறம் அவரே போனார். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம், நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிக்கொள்வேன், அவர் மதுரைக்குப் போவார். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுவார். சுருக்கத்தில் என்னை மிஞ்சிவிட்டார். 'தோசை வேண்டாம். கஞ்சி.' 'மில்லில் லீவு தந்தாச்சு.' ஒருநாள் பஸ்ஸில் நான் உம்மென்று உட்கார்ந்திருந்தபோது, 'மூஞ்சியைச் சரி செய்' என்று எழுதிக் காட்டினார்.

எல்லா நாளும் அப்படி இல்லை. நாலாவது வாரத்தில் கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வரும். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் நோட்டில் 'போதும்' என்று எழுதிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பயந்துபோனேன். திரும்பவும் கோபமும் வந்தது, ஆண்டவர் மேல்தான். ஆனால் இந்தத் தடவை கோபப்பட்டுக்கொண்டே அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், போய்விடவில்லை. எதிர் வீட்டம்மா வந்து பார்த்தார். "ஆண்டாள் ஊருக்குத் தினமும் போறீங்க, ஒரு பால்கோவா வாங்கி வரமாட்டீங்களா வதினா? வெதுவெதுப்பான பால்ல கரைச்சுக் குடுங்க, வழுக்கிட்டு எறங்கும்" என்றார். இருபது வருஷம் அந்தக் கடைகளைத் தாண்டிப் போனவளுக்கு இது தோன்றவில்லை. மறுநாள் வாங்கி வந்து கரைத்துக் கொடுத்தேன். இறங்கியது. அந்த வாரம் அவர் உயிர் பிடித்தது அதில்தான்.

அதே வாரம் பாடற்குழு ஆட்கள் ஏழெட்டுப் பேர், கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சியை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று வந்து நின்றார்கள். நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்து பாடினார்கள். இவர் சுவர் பக்கத்திலிருந்து திரும்பினார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். கீழ்க் குரல் வர வேண்டிய இடம் வெறுமையாக வந்தபோது, முழங்காலில் விரலால் தாளம் தட்டி அந்த இடத்தைக் காட்டினார். ஒருவர்கூட அந்த இடத்தை நிரப்ப முயற்சி செய்யவில்லை. அடுத்த நாள் காலையில் எனக்கு முன்னால் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார்.

கிறிஸ்மஸ் ஆராதனையில் பாடற்குழுவில் தன் இடத்தில் போய், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றார். புது வருஷம் பிறந்து வைத்தியம் முடிந்தது. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பழைய குரல் இல்லை. கரகரப்பும் காற்றுமாக ஒரு குரல். உப்பு கேட்டால் அடுப்படிக்கு மட்டும்தான் கேட்கிறது.

போன வாரம் மதுரையில் மறுபரிசோதனை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, ஓரிடத்தில் லேசாக வீக்கம் தெரிகிறது, கதிர் பட்ட வீக்கமாகவும் இருக்கலாம், எதற்கும் ஒரு துளி சதை எடுத்து அனுப்பிவிடுவோம் என்றார். வருகிற வியாழக்கிழமை முடிவு. இந்தத் தடவை நாங்கள் இருவரும் சேர்ந்து போய் வாங்குவதாகப் பேசியிருக்கிறோம். பயம் இல்லை என்று சொன்னால் பொய். நேற்று முழுக்கச் சாம்பாரில் உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் திரிந்தேன்.

இன்று காலை கோயிலுக்குக் கிளம்பும்போது ஒரு சீட்டு எடுத்தேன். அவர் பெயரை எழுதி, 'தொண்டைப் பரிசோதனை முடிவு' என்று எழுதினேன். பெட்டிகள் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. என் புண்ணியத்தில் பெயர்களைச் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் சிறிது நேரம் நின்றேன். இரண்டு பெயரையும் படித்தேன். பிறகு வலப்பக்கம் திரும்பி, ஸ்தோத்திரப் பெட்டியில் போட்டேன்.

போதகர் அந்தச் சீட்டைக் கையில் எடுத்ததும் நிறுத்திவிட்டார். பெண்கள் பக்கம் திரும்பி, கண்ணாலேயே, சரியான பெட்டிதானா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் பெயரை வாசித்தார். 'தொண்டைப் பரிசோதனை முடிவு' என்று வாசித்தார். தாமாக எதையும் சேர்க்கவில்லை.

சபை ஆமென் சொல்வதற்கு முன்னால், ஆண்கள் பக்கத்திலிருந்து கரகரத்த ஒரு குரல் முந்திக்கொண்டு ஆமென் என்றது. பெஞ்சு அதிரவில்லை. ஆனால் கோயில் முழுக்கக் கேட்டது.